மஞ்சள் நூல் கட்டிய கொப்பு

பிரெஞ்சு பேசும் இந்த நகரின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில், நாங்கள் வீடு வாங்கியபோது பின்வளவில் ஊதாநிற வாசனைப் பூப் பூக்கும் லைலாக் ஒன்று நின்றது. செடி என்றுதான் சொல்வார்கள், ஆனால் என்னைவிட உயரம். வீட்டை விற்ற வயதான பிரெஞ்சுக்காரி சாவியைத் தரும்போது மின்னடுப்பைப் பற்றி ஒரு வசனமும் லைலாக்கைப் பற்றிப் பத்து வசனமும் சொன்னாள். என் பிரெஞ்சுக்கு எட்டியது ஒன்றுதான். வருடத்தில் இரண்டு கிழமை மட்டும் பூக்கும்.

இரண்டே கிழமை. எங்கள் ஊரில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வருடம் முழுக்கப் பூக்கும். இன்று ஆய்ந்தால் நாளை விடியப் புதுப்பூ. ஒட்ட வெட்டிவிட்டால் இன்னும் மூர்க்கமாகத் தழைக்கும். லைலாக் அந்தச் சாதி இல்லை. அடுத்த வருடப் பூவுக்கான மொட்டை இந்த வருட வெயிலிலேயே கட்டிக்கொண்டு, பனிக்காலம் முழுக்க அதை நுனியில் பொத்தி வைத்திருக்கும். அடிக்கொப்போடு வெட்டினால் பிறகு சில வருடங்களுக்கு இலை மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாத ஒருவர் ஒரு சனிக்கிழமை கைவாளோடு என் வளவுக்குள் இறங்கினார். எத்தனையோ வருடமாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

அவர் என் மச்சாள். கணவரின் மூத்த சகோதரி. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த தன் இரண்டறை வீட்டில் எங்களை மூன்று வருடம் வைத்திருந்தவர். டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் எனக்கு வேலை எடுத்துத் தந்தவர். என் பிள்ளைக்கு முதல் குளிர்ச்சட்டை வாங்கிப் போட்டவர். நல்ல மனுஷி. அதுதான் வில்லங்கம். கெட்டவர் என்றால் ஒரு நாளில் சண்டை பிடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவர்களிடம் மாட்டியவள் எட்டு வருடம் 'ஓம் மச்சாள்', 'ஓம் மச்சாள்' என்று தலையாட்டியே கழுத்து வலி எடுக்க வேண்டும்.

பூ ஆய்கிற விஷயத்தில் மச்சாள் இன்னும் ஊரில்தான் இருந்தார். விடியக் குளித்து, ஈரத்தலையோடு, கையில் பூக்கூடையோடு யார் வீட்டு வேலிக்குள்ளும் நுழையலாம். சாமிக்குப் பூ என்றால் வீட்டுக்காரர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவருக்குத்தான் பாவம். இந்தச் சட்டத்தை அவர் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் கிரேக்கக் கிழவர்களின் ரோஜாவைக்கூட அவர் விட்டு வைத்ததில்லை. நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். அடுத்தவன் ரோஜா என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. முந்திய கோடை முடியும் நேரம் லைலாக் இலையில் ஒரு பச்சைப் புழுவைக் கண்டுபிடித்தாள். என் நடுவிரல் பருமன். முதுகில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சின்னக் குமிழ்கள். நான் கண்டவுடன் விளக்குமாற்றை எடுக்க ஓடினேன், மயிர்க்கொட்டி என்று நினைத்து. அவள் குறுக்கே நின்றாள். "அம்மா, இதுக்கு மயிரே இல்லை, வடிவாப் பாருங்கோ" என்றாள். குனிந்து பார்த்தேன். உண்மைதான். பள்ளிக்கூடத்து நூலகத்தில் படப் புத்தகம் எடுத்து வந்து பெயரையும் கண்டுபிடித்துவிட்டாள். செக்ரோப்பியா. இந்தக் கண்டத்திலேயே பெரிய விட்டில், செட்டையை விரித்தால் அவளுடைய இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்த அகலம் வரும்.

செப்டெம்பரில் அந்தப் புழு ஒரு கொப்போடு ஒட்டிக் கூடு கட்டியது. செத்த இலை ஒன்று சுருண்டு ஒட்டிக்கிடக்கிற மாதிரி ஒரு மண்ணிறக் கூடு. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவளுக்கு வேறு கதை இல்லை. பனி கொட்டினால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் பார்ப்பாள். மூக்குநுனி விறைக்கிற தைமாதக் குளிரில், "உள்ளுக்கை செத்திருக்குமோ அம்மா?" என்று கேட்பாள். "சாகாது, வைகாசியிலை வெளியிலை வரும். நான் பாத்துக்கொள்ளுறன், ஒருத்தரும் தொட விடமாட்டன்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தது நான். என் வாயால்.

சித்திரை முடிந்து லைலாக் துளிர்க்கத் தொடங்கியதும், இலைக்குள் கூடு மறைந்துவிடும், அடையாளம் கட்ட வேண்டும் என்றாள். ரிப்பன் தேடினேன், கிடைக்கவில்லை. சாமித்தட்டில் மஞ்சள் பூசிய நூல்பந்து ஒன்று இருந்தது. அதில் ஒரு முழம் அறுத்து அந்தக் கொப்பில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். எவ்வளவு புத்திசாலி நான்.

அந்த வைகாசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் வீட்டருகே வாழும் ஒரு தாவரத்தையும் ஒரு பிராணியையும் ஒப்பிட வேண்டும். பெரிய வெள்ளை மட்டையில் இரண்டு நிரல் போட்டு எழுதி, திங்கட்கிழமை வகுப்பில் நின்று விளக்க வேண்டும். மகள் துள்ளிக் குதித்தாள். அவளிடம் எட்டு மாதமாக ஆயத்தமாக இருந்த விஷயமல்லவா. வேலை முடிந்து வந்து சோர்ந்து கிடக்கிற என்னை எழுப்பி எழுப்பிப் படித்துக் காட்டுவாள். லைலாக் நூறு வருடமும் நிற்கும், விட்டிலுக்கு வெளியே வந்தபின் ஒன்றோ இரண்டோ கிழமைதான். இரண்டும் குளிரை வெளியில் நின்றே தாங்கும். லைலாக் வாசனையால் தேனீயைக் கூப்பிடும். பெண் விட்டிலும் வாசனையால்தான் ஆண் விட்டிலைக் கூப்பிடும், அந்த வாசனை மனிதருக்குத் தெரியாது.

"அம்மா, இதுக்கு வாய் இல்லை" என்றாள் ஒரு நாள்.

"வாயில்லாமல் என்னெண்டு சாப்பிடும்?"

"சாப்பிடாது. புழுவா இருக்கேக்கை சாப்பிட்டதோடை சரி."

நான் சிரித்தேன். நாள் முழுக்க யாரோ பறந்துபோய்த் தின்னப்போகும் சோற்றைத் தட்டில் அடுக்கிவிட்டு வந்தவளுக்கு, வாயே இல்லாத பிராணி என்றால் ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது.

அவளுடைய மட்டையில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. கூட்டிலிருந்து விட்டில் வெளியே வருவதைக் கண்ணால் கண்டு எழுத வேண்டிய இடம். லைலாக் அந்தக் கிழமை முழுவதுமாக மலர்ந்துவிட்டது. கூட்டருகே காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஏதோ உரசுகிறது என்றாள். இன்றோ நாளையோ என்று இருந்தது.

சனிக்கிழமை வைகாசி விசாகம். எனக்கு விடிய ஐந்து மணி வேலை. வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. மகள் பின்வாசல் படியில் சாறத்தைப் பிழிந்து போட்டது போல் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவளுக்குப் பின்னால் லைலாக் இல்லை. முழங்கால் உயரத்தில் ஏழெட்டு வெள்ளைக் கட்டைகள் நின்றன, அறுத்த பச்சை மர மணத்தோடு. வேலிப்பக்கம் கைக்கெட்டாத இடத்தில் இரண்டு கொப்பு மட்டும் தப்பியிருந்தது.

"மாமி வந்தவ" என்றாள். "நான் எழும்ப முதலே வெட்டியாச்சு. அப்பாவும் கோயிலுக்குப் போட்டார்."

கணவருக்குப் போன் எடுத்தேன். பின்னால் மேளச் சத்தம். "அக்கா விடிய வந்தவ. நான்தான் கைவாள் எடுத்துக் குடுத்தனான். வெட்டினால் நல்லாத் தழைக்கும் எண்டவ" என்றார். கைவாள் எடுத்துக் கொடுத்தாராம்! கூடு இருந்ததே என்று கேட்டேன். "என்ன கூடு?" என்றார் அந்த மனிதர். எட்டு மாதம் ஒரே மேசையில் இருந்து சோறு தின்றவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எறியாமல் விட்டது என் நல்ல காலம், அது கம்பனிப் போன்.

சமையற்கூட உடுப்பை மாற்றவில்லை. முகம் கழுவவில்லை. மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பிறகு மெற்றோ. பிறகு இன்னொரு பஸ். ஒன்றரை மணித்தியாலம். வழியெல்லாம் எனக்குள் மச்சாளோடு சண்டை பிடித்துக்கொண்டே போனேன். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற ஆட்கள்! தன் வீட்டுப் பல்கனியில் ஒரு துளசித் தொட்டிகூட வைக்காத மனுஷிக்கு என் வளவுப் பூவில் புண்ணியம் வேண்டுமாம். இன்றைக்குக் கேட்டே விடுவது. எட்டு வருடத்தையும் சேர்த்துக் கேட்டுவிடுவது. அந்த வசனங்களை இப்போதும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அவ்வளவு நல்ல வசனங்கள்.

கோயிலுக்குள் முருகனுக்கு முன்னால் என் லைலாக் குவிந்து கிடந்தது. சனம் அதைப் பார்த்துப் பார்த்து மூச்சை இழுத்தது. பூவை மட்டும் உருவிவிட்டுக் கொப்புகளை எங்கே போட்டார்கள் என்று பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். பின்பக்கம் கறுப்புப் பைகளில் என்றாள். மகளைச் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன்.

ஆறு பைகள். முதல் பையில் வாழையிலையும் சோறும். இரண்டாவதில் தேங்காய்ச் சிரட்டை. மூன்றாவதை அவிழ்த்தபோது இலைக்குள் மஞ்சள் நூல் தெரிந்தது.

கூடு இருந்தது. நுனி திறந்திருந்தது. விட்டில் அதே பைக்குள், நெரிந்த இலைகளுக்கு அடியில் வெளியே வந்திருந்தது. கூட்டை விட்டு வந்தவுடன் அது எங்காவது ஏறித் தொங்க வேண்டும். தொங்கினால்தான் ஈரச் செட்டை நீண்டு விரிந்து காயும் என்று மகள் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். பைக்குள் தொங்க இடமேது. செட்டை நான்கும் கசங்கிய கடதாசி போல் முதுகோடு ஒட்டி அப்படியே காய்ந்துவிட்டன. சிவந்த தடித்த உடம்பு மட்டும் முழுசாக, வடிவாக இருந்தது. என் விரலை நீட்டினேன். ஏறிக்கொண்டது.

"பிள்ளை, என்ன குப்பைக்குள்ளை நிக்கிறீர்? சாப்பிட வாரும்" என்றார் பின்னால் வந்து நின்ற மச்சாள். பட்டுச்சேலை. நெற்றி நிறைய விபூதி. முகம் நிறையச் சந்தோஷம்.

"ஆரைக் கேட்டு மச்சாள் வெட்டினீங்கள்?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஆரைக் கேட்டோ? உம்மைத்தான் கேட்டனான். புதன்கிழமை போன் எடுத்து, விசாகத்துக்கு லைலாக் ஆயட்டே எண்டு கேக்க, ஓம் மச்சாள் எண்டு சொன்னது ஆர்?"

நான் விட்டில் இருந்த விரலை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"அதுவும் நீர் நூல் கட்டி நேர்ந்து வைச்ச கொப்பு ஒண்டு கண்டனான். பாவம், சொல்ல மறந்திட்டீர் எண்டு அதைத்தான் முதல் வெட்டி, பூவை உருவி முருகன்ரை காலடியிலை வைப்பிச்சனான். உம்மடை பேருக்கு அருச்சனையும் செய்தாச்சு."

அருச்சனை. என் பெயருக்கு.

கேட்டிருக்கிறார். புதன்கிழமை. அந்தக் கணமே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு கையில் பஸ் அட்டை, மறு கையில் போன், பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. மச்சாள் ஏதோ விசாகம் என்றார், பூ என்றார். நான் காதில் வாங்கினேன். வாங்கவில்லை என்று சொன்னால் பொய். லைலாக் என்ற சொல் விழுந்தபோது கூட்டின் நினைப்பும் வந்தது. இல்லை என்று சொன்னால் ஏன் என்பார், ஏன் என்றால் விளங்கப்படுத்த வேண்டும், புழுவுக்காகவோ சாமிக்குப் பூ இல்லை என்கிறீர் என்பார். பஸ் வந்துவிட்டது. 'ஓம் மச்சாள்' என்றேன். பிறகு அதை மறந்துவிட்டேன். மறக்க வசதியாக இருந்தது.

மெற்றோவில் அடுக்கி வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. விட்டில் என் விரலில் இருந்தது. "ஓம் மச்சாள், நான்தான் சொன்னனான்" என்று மட்டும் சொன்னேன். மறுபடியும் ஓம்! என்னை நானே அறைந்திருக்கலாம்.

நாங்கள் பேசியது மகளின் காதில் விழவில்லை. சப்பாத்துத் தட்டடியில் அதே இடத்தில் நின்றாள். என் கைப்பையில் இருந்த சலாட் பெட்டியில் நூல் கட்டிய கொப்பையும் விட்டிலையும் வைத்து அவளிடம் கொடுத்தேன். அவள் செட்டையைப் பார்த்துவிட்டு, "இது இனிப் பறக்காது" என்றாள். காரில் வரும்போது கணவர் இரண்டு தரம் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, "வேறை கூடு பிடிக்கலாம், குஞ்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் மட்டையை விரித்து அவள் எழுதி முடித்தாள். விட்டில் யன்னல் திரையில் தொங்கிக்கொண்டிருந்தது, இப்போது தொங்கி என்ன பிரயோசனம். காலியாக இருந்த இடத்தில் கசங்கிய செட்டையை வரைந்திருந்தாள். ஒரு கோடுகூடத் தப்பாமல் வரைந்திருந்தாள். வாசித்துப் பிழை பாருங்கோ என்று என்னிடம் நீட்டினாள். அவளுடைய பிரெஞ்சில் நான் பிழை பார்க்கிறதாவது. இருந்தாலும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன். மட்டையின் அடியில், இரண்டுக்கும் பொதுவானது என்ற தலைப்பின் கீழ், பென்சிலால் ஒரே ஒரு வரி: 'யாரும் இவற்றைக் கேட்கவில்லை.'

அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் அதைக் கிளறியிருக்கலாம். நல்ல வரி என்று சொல்லியிருக்கலாம். மாமியின் தலையில் முழுப் பழியும் கிடக்கட்டும் என்று விட்டிருந்தால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரிய வந்திராது. அப்படி விடத்தான் நினைத்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

"மாமி கேட்டவ" என்றேன்.

நிமிர்ந்தாள்.

"என்னட்டைக் கேட்டவ. புதன்கிழமை. நான் ஓம் எண்டு சொன்னனான்."

"ஏன்?"

எட்டு வருடத்துக்கும் மூன்று வருடத்துக்கும் குளிர்ச்சட்டைக்கும் வேலைக்கும் பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கணக்குச் சொல்வது. "பஸ் வந்திட்டுது" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அழிறப்பரை எடுத்து அந்த வரியை அழித்தாள். ஊதினாள். பென்சிலை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப நீங்களே எழுதுங்கோ."

குடியேறியவர்களுக்கான வகுப்பில் படித்த என் பிரெஞ்சில், கோணல் எழுத்தில் எழுதினேன்: 'இரண்டுக்குமாக அம்மாவைக் கேட்டார்கள். அம்மா ஓம் என்றார்.'

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மச்சாள்.

"பிள்ளை, எல்லாரும் அந்தப் பூவைப் பற்றித்தான் கதை. ஐயர் கூடக் கேட்டவர், எங்கத்தைப் பூ எண்டு. வேலிப்பக்கம் ரெண்டு கொப்பு எட்டாமல் விட்டிட்டு வந்தனான். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு அதையும் ஆய வரட்டே?"

மகள் அசையாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் மச்சாள்" என்றேன்.

"என்ன?"

"வராதேங்கோ. அந்தக் கொப்பை ஆய விடமாட்டன்."

"சாமிக்கல்லோ கேக்கிறன்."

"சாமிக்கெண்டாலும் இல்லை."

எப்போதும் மரியாதையாக 'நீர்' என்று கதைக்கிறவர் 'உனக்கு' என்று தொடங்கினார். "உனக்கு நான் செய்ததுகளை…"

"அதொண்டும் மறக்கேல்லை மச்சாள். அது வேறை. பூ வேறை. என்னைக் கேட்டால் இல்லை எண்டுதான் சொல்லுவன். கேக்காமல் வந்தால் கேற்றைத் திறக்கமாட்டன்."

போனை வைத்தேன். ஒரு பேரீச்சம்பழக் கொட்டை தொண்டையில் சிக்கி, எட்டு வருடம் கழித்து இறங்கியது போல் இருந்தது. வெற்றிதான். மேசைக்குத் திரும்பி, கொஞ்சம் பெருமையோடே, அழிறப்பரை மகள் பக்கம் நகர்த்தினேன்.

"இனி அந்த வரியை அழிக்கலாம்தானே, குஞ்சு."

அவள் யன்னல் திரையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"ஏன்? அது நடந்ததுதானே அம்மா" என்றாள்.

கறுப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, நான் பிழையாகப் போட்ட ஒரு குறியை மட்டும் திருத்தினாள். பிறகு மட்டை கசங்காமல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் பென்சில் எழுத்தின் மேல் ஒவ்வொன்றாக மையில் எழுதத் தொடங்கினாள்.